வழக்கிட முடியாத சட்டம்: அரசியலமைப்பின் நான்காம் பகுதியும் திருச்சபையும்

இந்தியத் திருச்சபைக்கு நாட்டின் அரசியலமைப்புச் சட்டம் அறிமுகமில்லாத நூலன்று. ஆயினும் அந்நூலின் எல்லாப் பக்கங்களும் அதற்கு ஒரே அளவில் அறிமுகமானவை அல்ல. சமயத்தை ஏற்கவும் கைக்கொள்ளவும் பரப்பவும் உரிமை தரும் 25ஆம் உறுப்பையும், சமயக் காரியங்களைத் தாமே நிருவகிக்க இடந்தரும் 26ஆம் உறுப்பையும், சிறுபான்மையோர் தாம் விரும்பும் கல்விக்கூடங்களை நிறுவி நடத்த வழிசெய்யும் 30ஆம் உறுப்பையும் நம் ஆயர்களும் கல்லூரி முதல்வர்களும் மனப்பாடமாக அறிவர். மாநாட்டுத் தீர்மானங்களில் அவை எண்ணோடு எடுத்தாளப்படுகின்றன. அதே நூலின் 38, 39, 43, 46, 47 ஆகிய உறுப்புகளைப் பற்றிய ஒரு பிரசங்கத்தையோ தீர்மானத்தையோ கேட்பது அரிது.

ஒரு நூலின் சில அதிகாரங்களை மட்டும் பொறுக்கியெடுத்து வாசிப்பது எத்தகைய போதனைக்கு வழிவகுக்கும் என்பதை இறையியல் மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. திருச்சபை இச்சட்டத்தை எவ்வாறு வாசித்து வந்துள்ளது, அவ்வாசிப்பில் குறைவுபடுவது யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

1. நூலின் மூன்று குரல்கள்

1949 நவம்பர் 26 அன்று அரசியல் நிர்ணய சபையால் ஏற்கப்பெற்று, 1950 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தில், குடிமக்களுக்கும் அரசுக்குமுள்ள உறவை நேரே பேசும் பகுதிகள் மூன்று. மூன்றாம் பகுதி அடிப்படை உரிமைகளைக் கூறுகிறது. அதன் பெரும்பாலான உறுப்புகள் அரசை நோக்கி, 'இதைச் செய்யாதே' எனத் தடுப்பவை. அத்தடையை அரசு மீறினால் குடிமகன் 32ஆம் உறுப்பின்கீழ் நேரே உச்சநீதிமன்றத்தை நாடலாம். அவ்வுறுப்பையே சட்டத்தின் இதயமும் ஆன்மாவும் என அம்பேத்கர் போற்றினார்.

நான்காம் பகுதியின் குரல் வேறு. 'இதைச் செய்வாயாக' என அது அரசை ஏவுகிறது. உழைப்போர்க்கு வாழ்வதற்கேற்ற ஊதியம் (43), ஆண் பெண் இருபாலார்க்கும் சம வேலைக்குச் சம ஊதியம் (39), மகப்பேற்றுக் கால உதவி (42), நலிந்த பிரிவினரின், சிறப்பாகப் பட்டியல் சாதியினர் பழங்குடியினரின் கல்வி, பொருளாதார நலன் (46), மக்களின் உணவும் உடல்நலமும் (47) என அதன் பொருள்கள் விரிகின்றன. நான்கு-அ எனும் பகுதி 51அ என்ற ஒரே உறுப்பைக் கொண்டது. அது குடிமக்களை நோக்கி அவர்தம் கடமைகளைக் கூறுகிறது.

நான்காம் பகுதிக்குத் திறவுகோல் 37ஆம் உறுப்பு. இக்கோட்பாடுகளை எந்த நீதிமன்றத்தின் வாயிலாகவும் நிறைவேற்றுவிக்க இயலாது என அது முதலில் கூறுகிறது. ஆயினும் நாட்டின் ஆட்சிக்கு இவை அடிப்படையானவை என்றும், சட்டமியற்றுகையில் இவற்றைக் கைக்கொள்வது அரசின் கடமை என்றும் உடனே சேர்த்துரைக்கிறது. மூன்றாம் பகுதி வழக்கிடக்கூடிய சட்டம். நான்காம் பகுதி வழக்கிட முடியாத சட்டம். வழக்கிட முடியாதது சட்டமாகுமா என்பதே இப்பகுதியின் பிறப்பிலிருந்து தொடர்ந்துவரும் வினா.

2. குப்பைத்தொட்டியா, கட்டளையா?

இவ்வமைப்புக்கு முன்மாதிரி 1937ஆம் ஆண்டின் அயர்லாந்து அரசியலமைப்பாகும். அதன் 45ஆம் உறுப்பு சமூகக் கொள்கைக்கான நெறிகளை இவ்வாறே நீதிமன்றத்திற்கு அப்பாற்பட்டவையாக வகுத்திருந்தது. நம் அரசியல் நிர்ணய சபையின் சட்ட ஆலோசகரான பி.என். ராவ் இம்முறையை ஆதரித்தார். எனினும் சபையில் எதிர்ப்பு எழாமலில்லை. கே.டி. ஷா இப்பகுதியை, வங்கிக்கு வசதிப்படும்போது மட்டும் பணம் கிடைக்கும் காசோலைக்கு ஒப்பிட்டார். சென்னை மாகாணத்தின் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, உணர்ச்சிகளைக் கொட்டிவைக்கும் குப்பைத்தொட்டி என்று எள்ளினார்.

இதே கிருஷ்ணமாச்சாரிதாம், அதே 1948ஆம் ஆண்டில், சமயத்தைப் 'பரப்பும்' உரிமை சட்டத்தில் நிலைபெற வேண்டுமென வாதாடியவர்களுள் ஒருவர். அவ்வாதத்தை நம் திருச்சபை நன்றியோடு ஏற்றுக்கொண்டது. நான்காம் பகுதியைக் குறித்த அவருடைய மதிப்பீட்டையும் தன்னையறியாமலே ஏற்றுக்கொண்டுவிட்டதோ என ஐயுற இடமுண்டு.

அம்பேத்கரின் மறுமொழி கருதத்தக்கது. ஆட்சியைக் கைப்பற்றுவோர் எவராயினும் தம் விருப்பம்போல் ஆள முடியாது. இந்நெறிகளை மீறியதற்கு நீதிமன்றத்தில் விடை கூற வேண்டுவதில்லையாயினும், தேர்தல் காலத்தில் வாக்காளர்முன் விடை கூறியாக வேண்டும் என்றார் அவர். 1949 நவம்பர் 25 அன்று அவர் விடுத்த எச்சரிக்கையும் இதனோடு இணைத்து நோக்கற்பாலது. அரசியலில் சமத்துவம், சமூக பொருளாதார வாழ்வில் சமமின்மை எனும் முரண்பாட்டை நெடுநாள் நீடிக்கவிட்டால் மக்களாட்சியே ஆபத்துக்குள்ளாகும் என்பது அவ்வெச்சரிக்கை. மூன்றாம் பகுதி அரசியல் சமத்துவத்தைக் காக்கிறது. அம்முரண்பாட்டைத் தீர்க்கும் பணி பெரிதும் நான்காம் பகுதியிடமே விடப்பட்டுள்ளது.

இவ்விரு பகுதிகளும் மோதிய முதற்பெரும் வழக்கு சென்னையிலேயே எழுந்தது. மருத்துவ, பொறியியல் கல்லூரிகளின் இடங்களைச் சமூகவாரியாகப் பங்கிட்ட சென்னை அரசின் ஆணையின்படி, ஒவ்வொரு 14 இடங்களுள் ஒன்று ஆங்கிலோ இந்தியர்க்கும் இந்தியக் கிறிஸ்தவர்க்கும் உரியதாயிருந்தது. 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்சநீதிமன்றம் அவ்வாணையைச் செல்லாததாக்கிற்று. அரசு 46ஆம் உறுப்பைத் துணைக்கழைத்தது; நெறிமுறைக் கோட்பாடுகள் அடிப்படை உரிமைகளுக்கு அடங்கியே நடத்தல் வேண்டும் என நீதிமன்றம் விடையிறுத்தது. தமிழகத்தில் கிளர்ச்சி எழுந்தது. அவ்வாண்டிலேயே முதல் திருத்தம் நிறைவேறி, 15ஆம் உறுப்பில் நான்காம் கூறு சேர்க்கப்பெற்றது. 1980இல் மினர்வா மில்ஸ் வழக்கில், இரு பகுதிகளுக்கும் இடையிலான சமநிலையே அரசியலமைப்பின் அடித்தளம் என்றும், ஒன்றுக்கு மற்றொன்றின்மீது முழு மேலாண்மை தருவது அச்சமநிலையைக் குலைக்கும் என்றும் உச்சநீதிமன்றம் தெளிவுறுத்தியது.

இந்நெறிகளுள் காலவரம்பு குறிக்கப்பெற்றது ஒன்றே. பதினான்கு வயது நிறையும்வரை எல்லாச் சிறார்க்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்கப் பத்தாண்டுகளுக்குள் அரசு முயல வேண்டும் என 45ஆம் உறுப்பு கூறியது. 1960 வந்தது, கடந்தும் போயிற்று. 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்சநீதிமன்றம் இந்நெறியை 21ஆம் உறுப்பின் வாழ்வுரிமையோடு இணைத்து வாசித்தது. 2002ஆம் ஆண்டின் 86ஆம் திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கி 21அ எனும் உறுப்பைச் சேர்த்தது. கல்வி உரிமைச் சட்டத்தோடு அது நடைமுறைக்கு வந்ததோ 2010 ஏப்ரல் 1 அன்று. பத்தாண்டில் முயன்று முடிக்க வேண்டியதற்கு அறுபதாண்டுகள் சென்றன. வழக்கிட முடியாத சட்டம் எளிதிற் புறக்கணிக்கப்படும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. அதனை யாரேனும் விடாது நினைவூட்டிக்கொண்டிருப்பின் ஒருநாள் அது உரிமையாகவே மாறும் என்பதையும் காட்டுகிறது.

நான்காம் பகுதியைச் சிறுபான்மையோர் ஐயத்தோடு நோக்குவதற்குக் காரணமும் உண்டு. பொதுவான உரிமையியல் சட்டத்தைப் பற்றிய 44ஆம் உறுப்பும், பசுவதைத் தடையைப் பற்றிய 48ஆம் உறுப்பும் இப்பகுதியிலேயே உள்ளன. பொதுமேடைகளில் இப்பகுதி பேசப்படும்போதெல்லாம் இவ்விரண்டுமே முன்னிறுத்தப்படுகின்றன. ஆனால் இது வாசகரின் ஒருதலைச் சார்பேயன்றி நூலின் குற்றமன்று. 44ஐ உரத்துப் படிப்போர் 43ஐ விட்டுவிடுகின்றனர் எனில், அதற்கு மறுமொழி 43ஐயும் உரத்துப் படிப்பதேயாகும். பகுதி முழுவதையும் மூடிவைப்பதன்று.

3. கடமைகள்: ஒரு பிற்சேர்க்கை

விவிலியத் திறனாய்வு பயின்றோர், ஒரு நூலில் பிற்காலத்துச் சேர்க்கை ஒன்றைக் கண்டால், யார் சேர்த்தார், எச்சூழலில் சேர்த்தார் எனக் கேட்பர். 51அ உறுப்புக்கும் அவ்வினா பொருந்தும். 1975 சூன் 25 அன்று அறிவிக்கப்பட்ட அவசரநிலையில், எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையிலிருக்க, செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டிருக்க, சுவரண் சிங் குழுவின் பரிந்துரையை ஒட்டி 42ஆம் திருத்தத்தின் வாயிலாக இப்பகுதி சேர்க்கப்பெற்றது. 1977 சனவரி 3 முதல் நடைமுறைக்கு வந்தது. முறையற்ற காவலை எதிர்த்து நீதிமன்றத்தை அணுகும் உரிமை அவசரநிலையின்போது குடிமகனுக்கில்லை என உச்சநீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்ததும் 1976ஆம் ஆண்டிலேயே. நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். உரிமைகள் ஒடுக்கப்பட்ட வேளையில் கடமைகள் எழுதப்பட்டன.

ரோமர் 13ஆம் அதிகாரம், அப்போஸ்தலர் நடபடிகள் 5ஆம் அதிகாரத்தின் துணையின்றித் தனித்துப் பேசவிடப்படும் காலங்கள் இத்தகையவையே. அக்காலத்தில் எம்.எம். தாமஸ் துணிந்தெழுதிய கட்டுரைகள், கொடுங்கோன்மைக்கு மறுமொழி எனும் பொருள்படும் தலைப்பில் 1979இல் நூலாயின. அரசுக்குக் கீழ்ப்படிதலும் அரசைக் கேள்வி கேட்டலும் ஒரே விசுவாசத்தின் இரு செயல்கள் என்பதற்கு அந்நூல் சான்று.

இதனால் 51அ உறுப்பு முழுவதும் தள்ளத்தக்கது என நாம் கூறவில்லை. சகோதரத்துவம் பேணல், பெண்களின் மாண்பைக் குலைக்கும் வழக்கங்களைக் கைவிடல், காடுகளையும் ஏரிகளையும் ஆறுகளையும் காத்தல், அறிவியல் மனப்பான்மையை வளர்த்தல் ஆகியவற்றை மறுக்கும் கிறிஸ்தவர் இரார். முதலில் பத்தாயிருந்த கடமைகளோடு, பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பளிக்கும் பெற்றோர் கடமை 2002இல் சேர்ந்து பதினொன்றாயிற்று. எனினும் கூலியாளுக்கு முதலாளி செய்ய வேண்டியதைப் பற்றியோ, பசித்தவனுக்கு அண்டை வீட்டான் செய்ய வேண்டியதைப் பற்றியோ இப்பட்டியலில் ஒரு சொல்லும் இல்லை.

மேலும், குடிமகனைக் கட்டுப்படுத்தும் வலிய கடமைகள் 1976க்கு முன்பே மூன்றாம் பகுதிக்குள் இருந்தன. கடைகளிலும் கிணறுகளிலும் குளங்களிலும் சாதி பாராட்டாதிருக்க வேண்டுமென்னும் 15ஆம் உறுப்பின் இரண்டாம் கூறு, தீண்டாமையை ஒழித்த 17ஆம் உறுப்பு, கொத்தடிமையைத் தடுக்கும் 23ஆம் உறுப்பு ஆகியவை அரசை மட்டும் நோக்கிப் பேசுவன அல்ல. நம்மில் ஒவ்வொருவரையும் நோக்கிப் பேசுவன. ஒருவனுடைய உரிமை மற்றொருவனுடைய கடமை என்பதை இவற்றைவிடத் தெளிவாக 51அ கூறவில்லை.

கடமையும் மனச்சாட்சியும் மோதும்போது என்ன நேரும் என்பதை, யெகோவாவின் சாட்சிகள் குழுவைச் சேர்ந்த கேரளச் சிறார் மூவரின் வழக்கு காட்டுகிறது. நாட்டுப்பண் இசைக்கப்படுகையில் மரியாதையுடன் எழுந்து நின்றும், தம் சமய நம்பிக்கையின் காரணமாகப் பாடாதிருந்ததால் அவர்கள் 1985இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். 1986இல் நீதிபதி சின்னப்ப ரெட்டி அளித்த தீர்ப்பு அவர்களை மீண்டும் பள்ளியில் சேர்க்கச் செய்தது. நாட்டுப்பண்ணை மதிக்கும் கடமையை எழுந்து நிற்றலே நிறைவேற்றுகிறது என அத்தீர்ப்பு கண்டது. அக்குழுவின் போதனையோடு நம் திருச்சபைக்கு உடன்பாடில்லை. எனினும் அச்சிறாருக்குக் கிடைத்த காவல் எல்லார்க்கும் உரிய காவலாகும்.

4. நீதிமன்றம் நிற்குமிடத்தில் தீர்க்கதரிசனம்

வழக்கிட முடியாத சட்டம் விவிலிய மாணவர்க்குப் புதுமையன்று. யாத்திராகமம் 21, 22ஆம் அதிகாரங்களில் குற்றமும் அதற்குரிய ஈடும் தண்டனையும் நிரலே கூறப்படுகின்றன. அவை நியாயாதிபதிகளின் கையில் உள்ள சட்டங்கள். ஆனால் வயலின் ஓரத்தை முற்றும் அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடும்படி லேவியராகமம் 19ஆம் அதிகாரம் கட்டளையிடும்போது, அறுத்தவனுக்கு இன்ன தண்டனை என்று கூறவில்லை. விடுதலையின் வருடம் நெருங்குகிறதே என்று ஏழைக்குக் கடன் கொடுக்க மறுப்பவனுக்கு உபாகமம் 15 அபராதம் விதிக்கவில்லை. பொழுது சாயுமுன் கூலி கொடாதவனைப் பற்றி உபாகமம் 24 கூறுவதெல்லாம், கூலியாள் கர்த்தரை நோக்கி முறையிடுவான், அது உனக்குப் பாவமாகும் என்பதே. தண்டனை நிற்க வேண்டிய இடத்தில் ஏழையின் முறையீடும், எகிப்தில் அடிமையாயிருந்த நினைவும் நிற்கின்றன.

தீர்க்கதரிசிகள் கையிலெடுத்தவை பெரும்பாலும் இத்தகைய பிரமாணங்களே. எளியவனை மிதிப்போரை ஆமோஸ் கண்டித்ததும், கூலி கொடாமல் மாளிகை கட்டிய அரசனை எரேமியா 22ஆம் அதிகாரத்தில் சாடியதும், பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என யாக்கோபு 5ஆம் அதிகாரத்தில் எழுதியதும் இவ்வழியிலேயே. நீதிமன்றத்தின் கை எட்டாத இடத்தில் தீர்க்கதரிசனப் பணி தொடங்குகிறது. நான்காம் பகுதியை இவ்வொளியில் நோக்கினால், நீதிமன்றத்திடமிருந்து விலக்கப்பட்ட அப்பகுதி, மக்களின் மனச்சாட்சியிடம் ஒப்படைக்கப்பட்ட பகுதியாகத் தோன்றும். திருச்சபைக்கு அங்கே பணியுண்டு.

சீர்திருத்த இறையியல் பிரமாணத்தின் பயன்களை மூன்றாக வகுத்தது. தீமையை அடக்கிச் சமுதாயத்தைக் காத்தல், பாவத்தை உணர்த்திக் குற்றஞ்சாட்டுதல், விசுவாசியை வழிநடத்துதல் என்பன அவை. மெலாங்தனும் கால்வினும் இவ்வாறே போதித்தனர். திருச்சபை அரசியலமைப்பை இதுவரை பெரும்பாலும் முதற்பயனுக்கே கொண்டது. தன்னைச் சூழ்ந்த மதிலாக மூன்றாம் பகுதியைக் கண்டது. அது தவறன்று, மதிலுக்குத் தேவையும் உண்டு. ஆனால் அச்சட்டம் தன்னையும் குற்றஞ்சாட்டக் கூடும் எனும் இரண்டாம் பயனை அது ஆய்ந்ததில்லை.

ஈண்டு ஓர் எல்லையையும் குறிக்க வேண்டும். அரசியலமைப்பு வேதமன்று. 2023 வரை 106 முறை திருத்தப்பட்டது அது. மனிதரால் எழுதப்பட்டது, மனிதரால் மாற்றப்படுவது. நான்காம் பகுதி முழுவதும் நிறைவேறினாலும் அது தேவராச்சியமாகாது. எனினும் கூலிக்காரனின் முறையீட்டைக் கேட்கும் தேவன், அம்முறையீட்டை ஒரு நாட்டின் சட்டத்தின் வாயிலாகவும் தம் சபைக்குக் கேட்கச் செய்யலாம்.

5. நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டில்

நான்காம் பகுதி அரசை நோக்கி எழுதப்பட்டது, சபையை நோக்கியன்று என்று சிலர் கூறலாம். உண்மையே. ஆனால் திருச்சபை இந்நாட்டில் வெறும் குடிமக்கள் கூட்டமன்று. அது பள்ளிகளை நடத்துகிறது, மருத்துவமனைகளை நடத்துகிறது, நிலமுடையது, ஊதியம் தருகிறது. 43ஆம் உறுப்பைக் கொண்டு அரசை வினவும் சபை, தன் உபதேசியாருக்கும், செவிலியருக்கும், விடுதிச் சமையற்காரருக்கும், துப்புரவுப் பணியாளருக்கும் தான் தரும் ஊதியத்தை அதே உறுப்பால் அளந்துபார்த்தல் வேண்டும்.

கல்வியைக் கருதுக. நலிந்த பிரிவினரின் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் நான்கிலொரு பங்கு இடமளிக்க வேண்டுமென 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் விதித்தது. 2014இல் பிரமதி வழக்கில் உச்சநீதிமன்றம், 30ஆம் உறுப்பைக் காரணங்காட்டிச் சிறுபான்மையோர் பள்ளிகளை அச்சட்டத்திலிருந்து விலக்கியது. அத்தீர்ப்பு சரிதானா என்ற ஐயத்தை 2025இல் அந்நீதிமன்றத்தின் வேறோர் அமர்வே எழுப்பிற்று. சட்டவினாவை நீதிபதிகள் தீர்க்கட்டும். நாம் கேட்பது வேறு வினா. விலக்கு கிடைத்தபின், சட்டம் கட்டாயப்படுத்தாத அந்நான்கிலொரு பங்கை எத்தனை கிறிஸ்தவப் பள்ளிகள் தாமே முன்வந்து அளித்தன? அறுக்காமல் விடவேண்டிய வயலோரம் அதுவன்றோ?

சாதியைப் பற்றிய வினா இன்னும் கூர்மையானது. பட்டியல் சாதிகளைக் குறிக்கும் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத ஒருவரைப் பட்டியல் சாதியினராகக் கருதலாகாது என்றது, 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்து வாழ்ந்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் ஒருவர், தம்மோடொத்த தொழிலாளர்க்கு அரசு அளித்த சிறுகடை தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து வழக்கிட்டார். 1985இல் அச்சூசை வழக்கில் உச்சநீதிமன்றம், மதம் மாறிய பின்னும் அதே கொடுமை புதிய சமயச் சூழலிலும் அதே அளவில் தொடர்கிறது என்பதற்குச் சான்று காட்டப்படவில்லை எனக் கூறி மனுவைத் தள்ளியது. இவ்வினாவை ஆராய 2022இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது.

மூன்றாம் பத்தி நீக்கப்பட வேண்டும் என்பதே நம் கருத்து. சமயத்தை அளவுகோலாக்கிச் சமூக நீதியை மறுப்பது 14, 15ஆம் உறுப்புகளுக்கு ஒவ்வாது. ஆனால் நீதிமன்றம் கேட்ட சான்று எங்கிருக்கிறது? அது கல்லறைத் தோட்டங்களில் இருக்கிறது. திருமண ஏற்பாடுகளில் இருக்கிறது. தேர்தற் கணக்குகளில் இருக்கிறது. 1833இலேயே கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேற்றுமை உடனே அறவே ஒழிய வேண்டுமெனக் கட்டளையிட்டார்; அதனை ஏற்காது சபையை விட்டே வெளியேறினோர் பலர். 17ஆம் உறுப்பு எழுதப்படுவதற்கு நூறாண்டுகளுக்கு மேல் முன்னதாகவே திருச்சபைக்குள் பிறந்த ஆணை அது. தலித் கிறிஸ்தவர் இன்று இரு வாயில்களில் நிற்கின்றனர். அரசின் வாயிலில், நீர் கிறிஸ்தவர் என்று தடுக்கப்படுகின்றனர். சபையின் வாயிலில், நீர் இன்ன சாதி என்று தடுக்கப்படுகின்றனர். முதல் வாயிலைத் திறக்கக் கோரும் மனுவில் கையொப்பமிடும் திருச்சபை, இரண்டாம் வாயிலைத் திறக்கும் சாவி தன் கையிலேயே இருப்பதை மறைக்க இயலாது. அதற்கு வழக்கும் வேண்டா, திருத்தமும் வேண்டா.

முடிவுரை

நம் இறையியற் கல்லூரிகளில் அரசியலமைப்புச் சட்டம், சிறுபான்மையோரின் பாதுகாப்பு எனும் ஒரே தலைப்பின்கீழ் அடங்கிவிடலாகாது. நான்காம் பகுதியை உபாகமத்தோடும் தீர்க்கதரிசன நூல்களோடும் ஒருங்கே வைத்துப் பயிற்றுவிக்க வேண்டும். திருமண்டலப் பேரவைகள் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தை ஏற்குமுன், 39, 43, 46ஆம் உறுப்புகளை எடுத்துவைத்துத் தம் நிறுவனங்களைத் தாமே தணிக்கை செய்தல் நலம். ஆயர்கள் குடியரசு நாளை அண்டிய ஞாயிறுகளில், நாட்டுக்காகச் செய்யும் மன்றாட்டோடு, இந்நாட்டின் வழக்கிட முடியாத சட்டத்தையும் சபையாருக்கு விளக்கியுரைக்கலாம்.

மூன்றாம் பகுதியைக் காக்க நீதிமன்றங்களும் வழக்கறிஞரும் உளர். நான்காம் பகுதிக்கு அத்தகைய காவலர் இலர். நினைவூட்டுவோரே அதற்குக் காவல். தன் உரிமைக்காக 30ஆம் உறுப்பை எடுத்துக்காட்டும் கையே எளியவனுக்காக 46ஆம் உறுப்பையும் எடுத்துக்காட்டுமாயின், இந்நாட்டு மக்கள் திருச்சபையின் சொல்லுக்குச் செவிகொடுப்பர். இல்லையேல், தன் பங்கை மட்டும் கேட்டுப் பெறும் மற்றுமோர் அமைப்பாகவே அதனை எண்ணுவர். அவ்வெண்ணத்தைத் தவறென்று சொல்ல எவர்க்கும் இயலாது.